வெற்றிலை பாக்குக்குப் ‘பாஸிப்ளி’ கிடையாது

பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது, ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றுகிற வேலை. என்னைப்போல் இந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக டீச்சர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், பரவாயில்லை.

நான் சிரம்பானிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு, கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போய்வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் அங்கே பாலர் பள்ளிக் கட்டடத்தில் வகுப்பு. நாற்காலி எல்லாம் குழந்தைகளுக்கானவை. அதில் என் மாணவர்கள் முட்டியை மடக்கி உட்காருவதைப் பார்த்தால், சிடுமூஞ்சியான எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

கேன், கேனாட்

சேகர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். வகுப்புக்கு வந்த முதல் நாளே காரணத்தை உடைத்துச் சொல்லிவிட்டான். சிரம்பான் பக்கத்தில், ராசாவில் கவிதா என்று ஒரு பெண். நீலாயில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை. அவள் அப்பா வீட்டிலேயே இங்கிலீஷ் பேசுகிறவர். “அந்தப் பையன் நேரில் வந்து என்கிட்ட பேசட்டும்” என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். “இங்கிலீஷ்ல கேப்பாரு டீச்சர். நான் முழிச்சா அதோட போச்சு. கவிதா இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்” என்றான். கியர் பிடித்துக் காய்த்துப்போன கையைப் பிசைந்துகொண்டே சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. நாலே மாதத்தில் பேச வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்றைக்கே பலகையில் கேன், குட், மைட், மஸ்ட், வில் எல்லாவற்றையும் எழுதினேன். பக்கத்திலேயே ப்ராபப்ளி, பாஸிப்ளி, பெர்ஹாப்ஸ், சர்ட்டன்லி, டெஃபினிட்லி. இதையும் அதையும் ஜோடி சேர்த்தால் பேச்சு இளகும், இல்லாவிட்டால் இறுகும் என்று விளக்கினேன். ‘ஐ வில் டெஃபினிட்லி கம்’ என்றால் சத்தியம் செய்த மாதிரி. ‘ஐ வில் ப்ராபப்ளி கம்’ என்றால் வந்தாலும் வருவேன். தொண்டை வறள முக்கால் மணி நேரம் பேசினேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டி அண்ணன் கடைசி வரிசையிலிருந்து கை தூக்கினார். “டீச்சர், இந்த நாட்டுல கேன் லா, கேனாட் லா, ரெண்டுதான். நடுவுல இவ்ளோ பேரு எதுக்குக் குந்தியிருக்காங்க?”

பெர்ஹாப்ஸ் குலை

ஆனாலும் அண்ணன் மானஸ்தர். படித்ததை மறுநாளே வேலைக்காட்டில் இறக்கிவிட்டார். அவரிடம் ஒரு வங்காளதேசத்து ஆள் குலை வெட்டுகிறான், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன். வழக்கமாக “கட்!” என்று ஒரே அதட்டல்தான். அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து நின்று, “யூ குட் பெர்ஹாப்ஸ் கட் தட் பன்ச்” என்றாராம். அவன் குலையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். வெட்டினாலும் சரி, வெட்டாவிட்டாலும் சரி என்றுதானே இவர் சொல்கிறார் என்று நினைத்துவிட்டான், பாவம்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். சிரிப்பில் விட்டுவிட்டேன். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “மரியாதையா சொன்னேன் டீச்சர். பய தண்ணி குடிக்கப் போயிட்டான்.”

வருவேன் என்றால் வரமாட்டார்கள்

அடுத்த வாரம் யாரெல்லாம் வருவீர்கள் என்று இங்கிலீஷில் கேட்பது என் வழக்கம். வகுப்பே சேர்ந்து “ஐ வில் டெஃபினிட்லி கம், டீச்சர்!” என்று கூரை அதிரச் சொல்லும். புஷ்பம் மட்டும், “ஐ மைட் ப்ராபப்ளி கம்” என்று இழுப்பாள். புஷ்பம் நீலாயில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறவள். மைட்டும் ப்ராபப்ளியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒன்று போதும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

ஒரு புதன்கிழமை கொட்டோ கொட்டென்று மழை. மலைப்பாதையில் வைப்பர் வேலை செய்யாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். டெஃபினிட்லிக்காரர்களில் சேகர் ஒருவன்தான் வந்திருந்தான். பக்கத்தில் புஷ்பம், ஃபேக்டரி சட்டையோடு, தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு, “நீ இனிமேலாவது டெஃபினிட்லி சொல்லேன்டி” என்றேன். “பஸ் எப்ப வரும்னு பஸ்காரனுக்கே தெரியாது டீச்சர். நான் எப்படி அடிச்சுச் சொல்றது?”

மாமனார் வேஷம்

ராசாவுக்குப் போகும் நாள் நெருங்கியதும் வகுப்பிலேயே ஒத்திகை வைத்தோம். புஷ்பம்தான் மாமனார். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குழந்தை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, “வில் யூ லுக் ஆஃப்டர் மை டாட்டர்?” என்று குரலைக் கனமாக்கிக் கேட்டாள். “எஸ் அங்கிள், ஐ வில் ஆல்வேஸ் லுக் ஆஃப்டர் ஹர்” என்றான் சேகர். முனியாண்டி அண்ணன் கை தட்டினார்.

எனக்கு அது போதவில்லை. படித்த வீடு, மொட்டையாகப் பேசினால் முரடன் என்று நினைப்பார்கள். தேதி, நேரம், போக்குவரத்து என்று எதைக் கேட்டாலும் ஒரு குட், ஒரு பாஸிப்ளி சேர்த்துச் சொல்லு, பேச்சு பட்டு மாதிரி இருக்கும் என்று சேகரை உருவேற்றினேன். அவனும் லாரி ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தானாம். கடைசி ஒத்திகையில் பிசிறில்லாமல் பேசினான். புஷ்பம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சேகரு, இவ்ளோ பதமா பேசுற ஆளுக்குப் பொண்ணு குடுக்க எனக்கே பயமா இருக்குலா.”

ராசாவில் ஒரு ஞாயிறு

“நீங்க வராட்டி வாய் திறக்காது டீச்சர்” என்று சேகர் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். காரிலேயே இருக்கிறேன் என்றேன். வெயிலில் நான் வேகுவதைப் பார்த்து கவிதாவின் அம்மா உள்ளே கூட்டிப்போய்விட்டார். சேகரைப் பெற்றவள் மாதிரி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன்.

பெரியவர் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தார். வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு கவிதா வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். “ஷி கேன் சர்ட்டன்லி ஒர்க், அங்கிள்.” அவர் முகம் மலர்ந்தது. தேத்தண்ணி வந்தது. கவிதா சமையலறை வாசலிலேயே நின்றாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “வென் கேன் யுவர் பேரண்ட்ஸ் கம் வித் வெத்தல பாக்கு?” என்றார். சம்மதம் என்று அர்த்தம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேகர் நிமிர்ந்து உட்கார்ந்து, “தே குட் பாஸிப்ளி கம் நெக்ஸ்ட் சண்டே, அங்கிள்” என்றான்.

வாக்கியத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. நான் பெருமையாகத் தலையாட்டினேன். பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். “பாஸிப்ளியா?” என்று கேட்டு, தமிழுக்குத் தாவினார். “வெத்தல பாக்கு மாத்துறது பேச்ச உறுதி பண்றதுக்கு. அதுக்கே வந்தாலும் வருவாங்களா? உங்க வீட்டுல இஷ்டமில்லயா தம்பி?” கவிதாவின் முகம் வெளுத்துப்போயிற்று. சேகர் என்னைப் பார்த்தான். நாலு மாதம் வாய் ஓயாமல் பேசிய நான் என் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் வந்ததெல்லாம் மரத்தடியில் போய் உட்கார்ந்த அந்த வங்காளதேசத்துக்காரன்தான்.

சேகர் எழுந்து நின்றான். “ஐயா, அது டீச்சர் சொல்லிக் குடுத்த மரியாதைங்க. எங்கம்மா தட்டுகூட வாங்கி வச்சுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம காலையில அப்பா, அம்மா, மாமா எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரேன். கேன்.”

பெரியவர் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். பிறகு அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். “வந்து பேசச் சொன்னது உங்களத்தான் தம்பி. இங்கிலீஷ நான் கூப்பிடவே இல்ல. டீச்சர், உங்க தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

அடுத்த ஞாயிறு பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் படியேறிய கூட்டத்தில் நானும் இருந்தேன், ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசக்கூடாது என்று சேகரின் அம்மா என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகு.