ஒட்டுத் தாளுக்கு அடியில்

குடிநீர் வாரியக் குமாஸ்தா ஒரே நாவலைப் பதினோரு வருடம் திருத்தினார். உலக இலக்கியமும் அதுவரை பொறுமையாகக் காத்திருந்தது. பிடிக்காத வரியை அவர் அடிப்பதில்லை. அளவாகத் தாள் வெட்டி, பசை தடவி, அதன்மேல் ஒட்டிப் புதிதாக எழுதுவார். கையெழுத்துப் பிரதி தலையணைபோல் உப்பிவிட்டது.

முதலில் கதாநாயகி பேசியதெல்லாம் அவர் மனைவி வீட்டில் பேசியதுதான். படித்துப் பார்த்த பதிப்பாளர், "எந்த வீட்டுல சார் பொம்பளை இப்படிப் பேசுறா?" என்றார். குமாஸ்தா அத்தனை பேச்சையும் மூடி ஒட்டினார்.

"என் வாயை அடைக்க இவ்வளவு பசையா? சொல்லியிருந்தா நானே சும்மா இருந்திருப்பேனே!" என்று மனைவி சிரித்தாள்.

போன மாதம் அவள் இறந்துபோனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் போனதும் குமாஸ்தா வெந்நீர் கொதிக்கவைத்து, பக்கங்களை ஆவியில் காட்டினார். ஒட்டுத் தாள்கள் அழகாக உரிந்துவந்தன. அடியிலிருந்த பேனா மையும் கூடவே கரைந்துவிட்டது.

"விடுங்கப்பா. அம்மா பேச்சு உங்களுக்குத் தெரியாததா? திரும்ப எழுதுங்க," என்றாள் மகள்.

நாள் முழுக்க எழுதினார். ஒவ்வொரு வரியும் பிழையில்லாமல், இலக்கணமாக வந்தது. ஒன்றுகூட அவள் பேசியதுபோல் இல்லை.