மேல் கோட்டுக்கு மேலே

காலை ஐந்து பதினெட்டு. கதவைத் திறந்ததும் நான் முதலில் கண்டது, தெருவிளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்த எண்ணெய்க்கோல், எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் கம்பி. அதன் நுனியை வீட்டுக்கார அண்ணை ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில், கோலைத் துடைப்பதற்காக, நான் வேலை செய்த வாரப் பத்திரிகையின் இரண்டு பக்கங்கள். காலடியில் ஒரு லீற்றர் எண்ணெய்ப் போத்தல்; மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் கோடை, ஒரு சனிக்கிழமை. ஏழு பத்துக்கு அவருடைய மனைவியும் மகளும் ஹீத்ரோவில் இறங்க இருந்தார்கள். மனைவியைப் பார்த்து ஒன்பது வருடம். மகளை அவர் பார்த்ததே இல்லை. அவர் மன்னாரிலிருந்து புறப்பட்ட பிறகு பிறந்தவள்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற நகரில் அவருடைய வீட்டின் மேல்மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அவருடைய பழைய வான் வண்டி எங்கள் இருவரையும்விட அதிகக் காலம் இங்கிலாந்தில் இருந்தது. எஞ்சின் பின்பக்கம். தண்ணீரும் இல்லை, ரேடியேற்றரும் இல்லை. காற்றும் எண்ணெயும்தான் அதைக் குளிர வைக்க வேண்டும். ஆகவே எண்ணெய் பார்ப்பது அவசியம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அண்ணை பார்த்த முறைதான் என்னை எரிச்சல்படுத்தியது. வானுக்குள் கிடந்த கைநூலை நான் முழுவதும் வாசித்திருந்தேன். வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும், மேலே ஏறிய எண்ணெய் கீழே வடிவதற்கு. கோலில் இரண்டு கோடுகள். எண்ணெய் அவற்றுக்கு இடையில் எங்கே நின்றாலும் போதும். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. எஞ்சின் மொத்தமாகக் கொள்வதே இரண்டரை லீற்றர்.

எங்கள் தெருவிலோ இரண்டு சக்கரங்களை நடைபாதையில் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். நகரசபை வண்டி நிறுத்தக் கோடு போட்டதே அப்படி. வான் எப்போதும் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அண்ணை அதைச் சரிந்தபடியே, எஞ்சினை நிறுத்திய கையோடு பார்ப்பார். எண்ணெய் குறைவாகத் தெரியும். ஊற்றுவார். யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஊரில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர். எஞ்சின் எண்ணெயை மருந்துப் போத்தல் கணக்கில் வாங்கியவர். மேல் கோட்டுக்குக் கீழே உள்ளது எல்லாம் அவருக்குத் தட்டுப்பாடு.

“கூடினால் ஒண்டும் செய்யாது தம்பி. குறைஞ்சால்தான் எஞ்சின் இறுகிப் போகும்” என்பார். கைநூலை எடுத்துக் காட்டினால், “நீர் பேப்பர்காரர். பிழை பிடிக்கிறதுதானே உம்மட தொழில்” என்று சிரிப்பார்.

அந்த வாரம் நாளுக்கு இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டுக் கோலைக் காட்டினார். வெள்ளிக்கிழமை மாலை நான் வெம்பிளியிலிருந்து பத்திரிகை வேலை முடித்துக் களைத்து வந்தபோது, “ஒருக்காப் பார்த்துவிடும், எனக்குச் சேர்ச்சுக்குப் போக வேணும்” என்று வானின் திறப்பைத் தந்தார். எண்ணெய் கோடுகளுக்கு நடுவில் நின்றது. போதுமானது. ஆனாலும் மேல் கோட்டில் நின்றால் மனிதர் மறுநாளாவது பேசாமல் இருப்பார் என்று நினைத்து அரை லீற்றர் ஊற்றினேன். அவர் வந்ததும், “பார்த்தேன், சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

காலையில் அவர் எஞ்சினைச் சூடாக்கவென்று ஓடவிட்டு, நிறுத்தி, உடனேயே கோலை இழுத்திருந்தார்.

“கோட்டுக்குக் கீழ நிக்குது. நீர் என்னத்தைப் பார்த்தீர்?”

“அண்ணை, அஞ்சு நிமிஷம் பொறுத்துப் பாருங்கோ.”

“அஞ்சு நிமிஷம் பொறுத்தால் அவள் பிளேனால இறங்கி நடந்தே வந்திடுவாள்.”

முழுப் போத்தலையும் கவிழ்த்தார். அரை லீற்றரைப் பற்றி நான் அப்போது சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஒரு வாரமாக யாரும் காது கொடுக்காத எரிச்சலில் வாயை மூடிக்கொண்டு வானில் ஏறினேன்.

ஹீத்ரோவுக்குப் போகும் வழியில், நோர்த் சேர்குலர் வீதியில் ஆறு இருபத்தைந்துக்கு, பின்கண்ணாடி முழுக்க நீலப் புகை. எஞ்சின் இழுவை குறைந்து, இருமி, ஹாங்கர் லேனுக்குச் சற்று முன்னால் நின்றது. மனைவியிடம் கைபேசி இல்லை. நான் ரயிலில் போய் அவர்களைக் கூட்டிவருகிறேன் என்றேன். “நான் இல்லாமல் நீர் போய் நிண்டு என்ன சொல்லுவீர்?” என்றார் அண்ணை. அவர் வானுக்குக் கீழே படுத்து, எங்கே ஒழுகுகிறது என்று தேடினார். எல்லா இடத்திலும் ஒழுகியது.

போனில் அழைத்த மீட்பு வண்டிக்காரர் எட்டரைக்கு வந்தார். கோலை இழுத்தார், மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை. எண்ணெய் நுரைத்து எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குள் போயிருக்கிறது என்றார். இதை யார் நிரப்பியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை என்னைத் திரும்பியும் பார்க்காமல், “நான்தான்” என்று தமிழில் சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதை மட்டும்.

பிறகு அண்ணையே மறுபடி கீழே படுத்து, மீட்புக்காரர் கொடுத்த ஸ்பானரால் எண்ணெய்த் தொட்டியின் அடியாணியைத் தளர்த்தி, மிகுதியை வாளியில் வடித்தார். வான் ஓடியது. அண்ணை முகத்தைக்கூடத் துடைக்காமல் ஹீத்ரோவுக்கு ஓட்டினார். இன்று நான் விம்பிள்டனில் இருக்கிறேன். என் காரில் எண்ணெயின் அளவைத் திரைதான் சொல்கிறது, கோலே கிடையாது. அண்ணை பண்டிகைக்குப் பண்டிகை போன் எடுப்பார். அந்த அரை லீற்றரை இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்று ஹீத்ரோவின் வருகை மண்டபத்துக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது மணி பத்து ஐந்து. ஒரு தூணடியில் அவர்கள் நின்றார்கள். மனைவி தள்ளுவண்டியில் சரிந்த பெட்டியைக் குனிந்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். மகள்தான் எங்களை முதலில் கண்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணையின் முகத்திலும் சட்டையிலும் முழங்கை வரையிலும் கறுப்பு எண்ணெய். என் சட்டையில் ஒரு துளியும் இல்லை. பிள்ளை ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.