யாரும் கேட்காத அரிப்பு

என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கிவிட்டு அக்கா என் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்காக ரெட்டியார்பாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு வாரமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரித்தன. தடிப்போ கொப்பளமோ இல்லை, வெறும் அரிப்பு. நகம் போதாமல் சீப்பின் பல்லால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாசமாக இருந்தால் உடம்பு சூடாகத்தான் இருக்கும் என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். மருந்துக்கடையில் கொடுத்த லோஷனும் பாதி பாட்டில் தீர்ந்திருந்தது.

எத்தனை நாளாக இருக்கிறது என்று மட்டும் அக்கா கேட்டாள். உப்பளத்தில் ஒரு தையல் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். லீவு எடுப்பதே அபூர்வம். மறுநாள் லீவு போட்டாள். செக்கப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நான் சொன்னதைக் காதில் வாங்காமல் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள்.

டாக்டரம்மா என் கையையும் காலையும் பார்த்தார். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறதா என்று விசாரித்தார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது கர்ப்பத்தில் இப்படி அரித்திருக்கிறதா என்றார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"எனக்கு இருந்துச்சு டாக்டர்," என்றாள் அக்கா. "கொழந்த தங்கல."

ஐந்து வருடங்களுக்கு முன், ஒன்பதாம் மாதத்தில், அவள் குழந்தை வயிற்றிலேயே அசைவை நிறுத்திவிட்டது. கடைசிவரை ஸ்கூட்டரில் வேலைக்குப் போனதுதான் காரணம் என்று அவள் புகுந்த வீட்டில் முடிவுகட்டினார்கள். நாங்களும் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கு அரித்தது எனக்குத் தெரியவே தெரியாது. என் காலைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே அது நினைவுக்கு வந்திருக்கிறது.

கல்லீரலிலிருந்து இறங்க வேண்டிய பித்தநீர் சில பெண்களுக்குக் கர்ப்பத்தில் சரியாக இறங்காது என்று டாக்டரம்மா விளக்கினார். அது ரத்தத்தில் சேர்ந்தால் தாய்க்கு அரிக்கும். அளவு மிகவும் ஏறினால் குழந்தைக்கு ஆபத்து. ஆனால் தெரிந்துகொண்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அழுத்திச் சொன்னார். என் ரத்தத்தில் அளவு கூடுதலாகத்தான் இருந்தது. மாத்திரை, வாராவாரம் ரத்தப் பரிசோதனை, குழந்தையின் அசைவைக் கவனித்தல் என்று நாட்கள் ஓடின. ஒவ்வொரு முறையும் அக்கா கூட வந்தாள். முப்பத்தேழாம் வாரத்தில் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை. சில நாட்களிலேயே அரிப்பு வந்த சுவடு தெரியாமல் போனது.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று, ஸ்கூட்டர்மேல் விழுந்த பழியையும் சொல்லி, தன்னுடையதும் இதுதானா என்று அக்கா டாக்டரம்மாவிடம் கேட்டாள். அப்போது பரிசோதிக்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்கூட்டர் ஓட்டினதால இப்படி ஆகாதும்மா," என்றார். அக்கா தலையசைத்தாள். ஆட்டோவில் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் சத்தமில்லாமல் அழுதாள். அன்றைக்கு உனக்காக நான் பேசியிருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"உடு. இனிமே நானே பேசிக்கிறேன்," என்றாள்.

பேசவும் செய்தாள். அந்த வாரமே மாமியாரை உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி கருவுற்றாள். ஏழாம் மாதம் ஒருநாள் கம்பெனியிலிருந்து போன் செய்தாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குரலில் நடுக்கமே இல்லை.

"ஆரம்பிச்சிடுச்சுடி. காலையிலியே டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வேலைக்கு வந்துட்டேன்."

ஏழு வாரம் கழித்து அவளுக்குப் பையன் பிறந்தான். பிறந்ததும் அவன் போட்ட சத்தம் வெளியே நின்றிருந்த அவள் மாமியாருக்கும் கேட்டது.