கல்லுக்காகக் கட்சி மாறிய சூசை அத்தான்

மீன் ஏலக் கூடத்தில் சீலா மீனுக்கு விலை கூவிக்கொண்டிருந்தேன். காற்று வாக்கில் மணப்பாடு வரைக்கும் கேட்கிற குரல் என்னுடையது. அது முதன்முறையாகப் பாதியில் நின்றது போன செவ்வாய்க்கிழமைதான். அக்காவின் போன். சூசை அத்தான் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு கொண்டுவந்தவர் அவர். கடல் ஊரை அரிக்காமலிருக்கத் தண்ணீருக்குள் நீளமாகப் போடுகிற கல் சுவருக்கு அதுதான் பெயர். அதற்கு முன்பெல்லாம் அலை பனை உயரத்துக்கு எழும்பும். முதல் வரிசை வீடுகளைக் கொண்டுபோய்விட்டது. அடுத்தது அக்கா வீடு.

அத்தான் வள்ளத்தை விற்றுவிட்டுக் கட்சியில் சேர்ந்தார். மேடைப் பேச்சு சொல்லிக்கொடுத்தவன் நான்தான். கல் வரவில்லை. ஆட்சி மாறியது, அத்தானும் கட்சி வேட்டியை மாற்றினார். இப்படி ஐந்து கட்சி. அக்கா வீட்டுக் கயிற்றில் எல்லாக் கட்சி வேட்டியும் சண்டையில்லாமல் ஒன்றாகக் காயும். மாதா கோயில் கோபுரத்தில் காற்றுக்குத் திரும்புகிற தகரச் சேவல் உண்டல்லவா, ஊரார் அந்தப் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் டீக்கடையில் ஒருவன், "என்ன சேவல் அண்ணாச்சி, இன்னைக்கு எந்தக் காத்து?" என்று சீண்டினான். நான் கையை ஓங்கிவிட்டேன். அடித்திருந்தால் இலங்கையில்தான் விழுந்திருப்பான். அத்தான் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"ஏலே, சேவல் காத்து போற பக்கமா பாக்கு? காத்து வார பக்கம்லா மூஞ்சியக் காட்டுது. எந்த அதிகாரம் வந்தாலும் நானும் எதுத்தாப்புல போய் நிக்கேன், கல்லு கேட்டு."

ஐந்தாவது கட்சியில் கல் வந்தது. மந்திரிக்கென்று வாங்கிய ரோஜா மாலையை முதல் லாரியின் டிரைவர் கழுத்தில் போட்டார் அத்தான்.

அடக்கத்தன்று ஐந்து கட்சியாரும் கொடியோடு வந்து, பெட்டிமேல் யார் கொடி போர்த்துவது என்று வாசலில் முட்டிக்கொண்டார்கள். நான் அதட்டியும் அடங்கவில்லை. அக்கா வெளியே வந்தார்.

"கொடிய மடிங்கய்யா. அவிய கல்லுக்காகத்தான் உங்ககிட்ட வந்தாவ. கல்லு வந்துட்டு. தூக்க வாறவுக மட்டும் உள்ள வாங்க."

ஐந்து பேரும் கொடியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். அலையோரமாகவே கல்லறைக்குத் தூக்கிப் போனோம். முன்பு இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம் அது. ஒருவர் கால்கூட நனையவில்லை.

இளைப்பாறுங்கள், அத்தான். அக்கா வீட்டுக் கதவைத் தட்ட இனிக் கடல் வராது.