காரம் வேண்டாம் என்றவர்

பொய்ப்பல் செய்யும் பல்லுக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார் என்றுதான் இரண்டு வருஷமாகப் பேச்சு. இப்போது புதுச் செய்தி. பஸ் டிரைவருக்கு முடிவெட்டுகிறவர் சொன்னாராம். முடிவெட்டுகிறவருக்கு யார் சொன்னார்களோ.

"அண்ணே, ஆளு இங்கதான் இருக்காராம். சனிக்கிழமை மத்தியானம் நம்ம சீனாக்காரங்க கடையில தனியா உக்காந்து சாப்பிடுறாராம்," என்றார் டிரைவர் போனில்.

"தனியாவா?"

"ஆமாண்ணே. போய்ப் பாக்கப் போறீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் லிஃப்ட்காரர். போனை வைத்த கையோடு சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிழைக்க வந்து இருபது வருஷம். லிஃப்ட் ரிப்பேர் வேலை; நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் இரும்புக் கயிறுமாகக் கிடப்பார். கயிறு போடும் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். மனுஷர் விஷயத்தில் மட்டும் அந்தக் காது கொஞ்சம் மந்தம். ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. வாரம் ஒருமுறை தங்கை போனில் "சாப்பிட்டியாண்ணா?" என்பாள். "ஆச்சு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

முன்பெல்லாம் சனிக்கிழமை என்று ஒன்று இருந்தது. டைல்ஸ் கடை மாடியில் அந்தச் சீனாக்காரங்க கடை; காரத்துக்குப் பேர்போன சிச்சுவான் சமையல். லிஃப்ட் கிடையாது, படிதான். "லிஃப்ட் இல்லாத இடத்துலதான்யா எனக்குச் சோறு இறங்கும்" என்பார். இவர், டிரைவர், பல்லுக்காரர், மூவருக்கும் சுழலும் கண்ணாடித் தட்டு வைத்த வட்ட மேஜை. சிவப்பு எண்ணெயில் மிதக்கும் மீன் வரும். அதில் ஒரு மிளகு, கடித்தால் நாக்கு மரத்துப்போகும். கண், மூக்கு எல்லாம் ஒழுகும். தட்டைச் சுழற்றிவிட்டால் மீன் யார் எதிரே நிற்கிறதோ அவர் ஒரு வாய் தின்றாக வேண்டும். யார் முதலில் தண்ணீருக்குக் கை நீட்டினாலும் அன்றைக்கெல்லாம் அவர் தலைதான் உருளும்.

கடைசியாகப் போன அன்று பல்லுக்காரருக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை.

"யோவ், பல்லு செய்யிறவனுக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்றார் லிஃப்ட்காரர். டிரைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பல்லுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் தட்டைச் சுழற்றி, மீனை அவர் எதிரில் நிறுத்தினார். "பேச்சு அப்புறம். முதல்ல ஒரு வாய்!"

பல்லுக்காரர் ஒரு வாய் தின்றார். எழுந்து போனார்.

அன்று விடிகாலை அவருடைய அண்ணன் இறந்துபோன செய்தி வந்திருந்தது. அறையில் தனியாக இருக்க முடியாமல்தான் வந்திருக்கிறார். இது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதும் லிஃப்ட்காரருக்கு உடம்பு கூசியது. நல்ல வார்த்தையாகத் தேடி நாளைக்குப் பேசுவோம் என்று இருந்தார். நாளை வாரமாகி, வாரம் மாசமானது. துக்கம் விசாரிக்க நாள் கடந்துவிட்டால் என்ன முகத்தோடு போவது? அடுத்த சனிக்கிழமை யாருமே போகவில்லை. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை பன்னிரண்டுக்கே படியேறிவிட்டார். ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். எல்லாமே லிஃப்டில் ஒட்டும் அறிவிப்பு மாதிரி இருந்தது.

கடைக்கார அம்மாவுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. "அட, நீங்களா! எத்தனை நாளாச்சு! இளைச்சுப்போயிட்டீங்களே. மத்தவங்க எங்கே?"

"நான் மட்டும்தான். எங்க பல்லுக்காரர் இங்க வர்றாருன்னு..."

"வாராவாரம் வருவாரே! அதோ, அந்தச் சுவரோர மேஜைதான். ஆனா ஒரு கூத்து கேளுங்க. எங்க கடைக்கு வந்துட்டு, காரமே போடாதீங்கம்மாங்கிற ஒரே ஆள் அவருதான். வெறும் நூடுல்ஸ், கொஞ்சம் பீன்ஸ். மீன் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. சாப்பிடும்போது சில நாள் கண்ணு கலங்கும். காரமில்லாததுக்கு ஏன் கலங்குதுன்னு நானும் கேட்டதில்லை."

அவள் சிரித்தாள். லிஃப்ட்காரரால் சிரிக்க முடியவில்லை. சுவரோர மேஜைக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்து, அதே நூடுல்ஸைச் சொன்னார். வந்தது. ஆறியது. ஒரு மணி, ஒன்றரை. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னும் காணோமே?" என்றார் கடைசியில்.

"வரமாட்டாரு போலிருக்கே. மேஜை இருக்கான்னு எப்பவும் முன்னாடியே போன் போடுவாரு. இன்னிக்கும் போட்டாரு, நீங்க வந்த கொஞ்ச நேரத்துல. சீக்கிரம் வாங்க, உங்க லிஃப்ட்கார நண்பர் வந்து காத்திருக்காருன்னேன். சந்தோஷப்படுவாருன்னு பார்த்தா, சரிம்மான்னு வெச்சுட்டாரு." அவள் முகம் சுருங்கியது. "சொல்லியிருக்கக் கூடாதோ?"

"இல்லம்மா. உங்க மேல ஒண்ணும் தப்பில்லை."

பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த எண். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. 'உங்க அண்ணனுக்கு என்னய்யா ஆச்சு?' என்று கேட்டால் போதும், அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது அதுதான் என்று தோன்றியது. அழுத்தினார்.

மணி அடித்தது. அடுத்த மேஜைக் குடும்பம் எழுந்து போனது. கடைக்கார அம்மா வந்து அவர்கள் கிண்ணங்களை அடுக்கினாள். யாரும் எடுக்காமல் அழைப்பு தானாகவே அறுந்தது. மறுபடி அழுத்தி, காதோடு ஒட்டவைத்துக்கொண்டார். அடித்துக்கொண்டே இருந்தது.