அசிடுலஸும் அப்பாவின் பங்கும்

பழைய சோற்றுக் குண்டானின் தட்டைத் தூக்கியதும் மூக்கில் ஏறுகிற மெல்லிய புளிவாசம், நான் ஏழாம் வகுப்பு படித்த தை மாதத்தில்தான் ‘அசிடுலஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு எனக்குள் ஒட்டிக்கொண்டது. கீழ்வேளூர்ப் பக்கத்து மிஷன் பள்ளியில் டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். புளிப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். நன்றாகப் புளித்ததற்கு ஆகாதாம், லேசாகப் புளிப்புத் தட்டியதற்கு மட்டும்தானாம். பழத்துக்கும் பானத்துக்கும் சொல்லலாம், சுருக்கென்று பேசுகிறவர்களுக்கும் சொல்லலாம். உதாரணத்துக்கு எலுமிச்சம்பழத்தைச் சொன்னார். எனக்கோ பழைய சோறு ஊறிய எங்கள் வீட்டு "நீச்சத்தண்ணி"தான் ஞாபகம் வந்தது.

ஆட்சி மாறியும் அறுப்புக் கூலி மாறாத வருஷம் அது. கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் தெருவில் ஒருவரும் அரிவாளைத் தொடவில்லை. பேச்சுவார்த்தைக்கென்று நாகப்பட்டினம் போன அப்பா இரண்டு நாளாகத் திரும்பவில்லை. போலீஸ் பிடித்துவிட்டது என்றார்கள், அப்புறம் இல்லை என்றார்கள். அம்மா உட்காரவே இல்லை, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வெளியே போனவரின் "பங்கு" சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால், அவர் வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பங்கு இருக்கிறவரை ஆள் திரும்பி வரும் என்று அம்மா நம்பினாள்.

நான் ஓயாமல் தட்டைத் திறந்து மோந்து பார்த்தேன். முதல் நாள் காலையில் அசிடுலஸ். மறுநாள் அந்தச் சொல்லைத் தாண்டிக்கொண்டிருந்தது. வீணாகிவிடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் பசி. அம்மா வாசலில் நின்ற நேரம் பார்த்து, தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு அத்தனை சோற்றையும் பிழிந்து தின்றேன்.

குண்டானைப் பார்த்த அம்மா அடிக்கவில்லை.

"அப்பா வரமாட்டாருன்னு முடிவு பண்ணிட்டியாடி?"

கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைக் கொன்றவள் நான்தான் என்ற நடுக்கத்தோடு சாயங்காலம்வரை தெருமுனையிலேயே நின்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில், வீங்கிய கன்னத்தோடு அப்பா வந்தார். "என் பங்கு இருக்கா?" என்றார்.

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "சோறு கரைஞ்சுபோச்சுங்க, தண்ணிதான் இருக்கு."

அவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லா புளிச்சிருக்கு" என்று சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசிவரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

பிறகு நானே ஆங்கில ஆசிரியையானேன். பாடத்தில் அந்தச் சொல் வந்தபோதெல்லாம் எலுமிச்சம்பழத்தையே உதாரணம் சொல்லித் தப்பித்தேன். இன்று என் வீட்டு ஃபிரிட்ஜில் சோறு புளிப்பதில்லை, பங்கு என்று யாரும் எடுத்துவைப்பதுமில்லை. ஆனால் மகள் வேலையிலிருந்து வர நேரமானால், எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிறேன். ஒரு பிடி சோறாவது மிச்சமிருந்தால்தான் என்னால் உட்கார முடிகிறது.