கர்ப்பம் பாடில்லா

எனக்குச் சோரியாசிஸ் தொடங்கியது பத்தொன்பது வயதில். முதலில் இரண்டு முழங்கைகளிலும் பொட்டு அளவுக்குச் சிவந்தது. அதன்மேல் வெள்ளையாகச் செதில் கட்டியது. பிறகு முழங்கால், தலை, இடுப்பு. அடுத்தவருக்கு ஒட்டாத நோய்தான். ஆனால் உட்கார்ந்து எழுந்த இடத்தில் செதில் உதிர்ந்து கிடந்தால், பார்க்கிற ஒவ்வொருவரிடமும் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பிறர் வீடுகளில் உட்காருவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா எதையும் மறைக்கவில்லை. இரண்டு இடம் அதோடு நின்றுபோயிற்று. மூன்றாவதாக வந்தவர், "ஒட்டாதுல்லா? அப்ப என்ன?" என்று கேட்டார். அவர்தான் என் கணவர். திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு மொத்த தானியக் கடையில் வேலை பார்த்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் அங்கே போனபோது எனக்கு இருபத்தொன்பது வயது.

பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. எதிர்வீடு தமிழ், பக்கத்துவீடு தமிழ், மளிகைக்கடை தமிழ். சேலைக்கு ஃபால் தைப்பது, பிளவுஸுக்கு ஹூக் கட்டுவது என்று எனக்கு வந்த வேலையும் தமிழ் வீடுகளிலிருந்தே வந்தது. மீன்காரியிடம் பேச "போதும்", "வேண்டா" என்ற இரண்டு வார்த்தைகள் தெரிந்தால் போதுமாக இருந்தது. கூச்சம் உள்ளவர்கள் தேவைக்கு மேல் பாஷை கற்றுக்கொள்வதில்லை.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் உடம்பு முழுக்கப் படர்ந்துவிட்டது. அவர் விசாரித்து ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். வயதான டாக்டரம்மா, மலையாளி. சேலையை விலக்கிக் காட்ட வேண்டியிருந்ததால் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டேன். கணவரேயானாலும் வெளிச்சத்தில் காட்டுவதற்கு எனக்கு அப்போது மனம் வரவில்லை.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை எழுதினார். நாள்காட்டியில் விரலை வைத்துக் காட்டியதால் அது புரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"இது கழிக்கும்போள் கர்ப்பம் பாடில்லா. கேட்டோ?"

நான் தலையாட்டினேன். யார் எது சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவது என் பழக்கம். அதற்குப் பிறகும் அவர் நிறையப் பேசினார். என் காதில் எதுவும் ஏறவில்லை.

எங்கள் ஊரில் பஸ் வந்த பாடில்லை என்போம், மழை பெய்த பாடில்லை என்போம். எவ்வளவு காத்திருந்தும் வராததற்குத்தான் அப்படிச் சொல்வது. கர்ப்பம் பாடில்லா என்று அவர் சொன்னதும், எனக்குப் பிள்ளை பிறக்காது என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெரிதாக அதிர்ச்சி அடைந்ததாக ஞாபகம் இல்லை. வெளியே இப்படி எரிகிற உடம்பு உள்ளே மட்டும் நன்றாக இருக்குமா என்ற சந்தேகம் எனக்கு முன்பே இருந்தது. படித்தவர் ஒருவர் அதை உறுதி செய்துவிட்டார் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது டாக்டர் அவரையும் உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னார். பஸ்ஸில் அவர் கேட்டார்.

"டாக்டரம்மா சொன்னது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"உனக்குச் சரிதானா?"

"சரிதான்."

"எப்ப மனசு மாறினாலும் எங்கிட்ட சொல்லு, என்ன."

பிறக்காத பிள்ளைக்கு மனசு மாறி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. மூன்றாவது மாதம் முழங்கை தெளிந்தது. பல வருடங்களுக்குப் பிறகு கை நீளம் குறைந்த பிளவுஸ் தைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் என்னிடம் ஒரு கவனத்தோடேயே இருந்தார். சில நாட்கள் தனியாகப் பாய் விரித்துக்கொள்வார். பிள்ளை இல்லாத இடத்தில் ஆசையும் குறையும்போலிருக்கிறது என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். வாரம் ஒருமுறை வருவார்.

"மேலுக்கு மட்டும் வாரம் தவறாம மருந்து. வயித்துக்கு என்னைக்குப் பாக்கப் போறிய?" என்பார்.

"அவளுக்குத் தோணும்போது பாத்துக்கிடலாம், நீ சும்மா இரி" என்பார் அவர்.

"என்னத்தத் தோணுதது? பிள்ளை பெறுததும் என்ன சினிமாவுக்குப் போறதா, தோணும்போது போறதுக்கு?"

என் குறையை அவர் இப்படிப் பேசிப் பூசி மெழுகுகிறார் என்று எனக்கு நன்றியாக இருக்கும். எழுந்து போய் டீ போடுவேன். இப்படி நாலு வருடம் போயிற்று.

தெரிந்துகொண்டது ஒரு தகரப் பலகையால்.

கடைக்கு முன்னால் யார் யாரோ ஸ்கூட்டர்களை நிறுத்திவிட்டுப் போவதால் லாரியிலிருந்து மூட்டை இறக்க முடியவில்லை. ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னார் முதலாளி. என் கணவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். சிறு வயதிலேயே இங்கே வந்துவிட்டதால் மலையாளமும் எழுதுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளை அடித்துக் காயவைத்த தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய பேப்பர் விரித்து, சிவப்புப் பெயிண்டால் எழுத ஆரம்பித்தார். தகரம் நகராமல் நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன எழுதுதீங்க?"

"இவிடெ வண்டி நிர்த்தான் பாடில்லா."

"இங்க வண்டி நின்ன பாடில்லைன்னா?"

அவர் சிரித்துவிட்டார். "நின்ன பாடில்லையா? நாலு வண்டி எப்பவும் நிக்கி. அதுக்குத்தான போர்டே. நிறுத்தக் கூடாதுன்னு அர்த்தம்."

"பாடில்லான்னா கூடாதா?"

"பின்ன? இத்தன வருசம் இங்க இருந்து இது தெரியலையா உனக்கு?"

என் கட்டைவிரல் ஈர எழுத்தின் மேல் போய்விட்டது. "தகரத்தப் பிடி, எழுத்தப் பிடிக்காத" என்றார்.

நான் சொன்னேன்: "டாக்டரம்மா அன்னைக்கு கர்ப்பம் பாடில்லான்னு சொன்னாங்க."

"ஆமா. சொன்னாங்க."

"எனக்குப் பிள்ளையே ஆகாதுன்னு சொன்னாங்கன்னு நெனச்சேன்."

அவர் பிரஷை டப்பா மூடியின் மேல் வைத்தார்.

"இந்த மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாது. கழிக்கும்போள்னா சாப்பிடும்போதுன்னு அர்த்தம். சாப்பிடுத வரைக்கும் பிள்ளை உண்டாகக் கூடாது. வேணும்னா முன்கூட்டியே சொல்லுங்க, இத நிறுத்தி வேற தாரேன்னு சொன்னாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க. அதான பஸ்ல கேட்டேன், உனக்குச் சரிதானான்னு."

"நான் சரின்னேன்."

"சரின்ன. மேலு சுகமாயிருக்கதுதான் இவளுக்குப் பெரிசு போலன்னு விட்டுட்டேன். மறுபடி அந்த எரிச்சல்ல கெடன்னு நானா எப்படிச் சொல்ல?"

அவர் தனியாகப் பாய் விரித்ததற்கும் அதுதான் காரணம். அன்று மீதி எழுத்துகளை அவர் எழுதவில்லை. மறுநாள் முதலாளி கேட்டபோது பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை அவரும் உள்ளே வந்தார். நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஞான் மலையாளத்தில் பறஞ்ஞு, நிங்கள் தமிழில் கேட்டு" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல, என் கணவர் எனக்குத் தமிழில் சொன்னார். இந்த நோயே பிள்ளையைத் தடுத்துவிடும் என்று இல்லை. பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்துத்தான் உண்டாக வேண்டும், அதுவரை பொறுக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்துநாலு. இனித் தள்ளிப்போட வேண்டாம் என்பதை மட்டும் டாக்டர் தமிழிலேயே சொல்ல முயன்றார்.

மாத்திரையை நிறுத்தினேன். ஒன்றரை மாதத்தில் முழங்கையில் பழைய பொட்டு வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் தலையிலிருந்து பாதம் வரை திரும்பிவிட்டது. களிம்பும் தைலமும், வாரம் இரண்டு நாள் கிளினிக்கில் வெளிச்சம் காட்டுகிற சிகிச்சையும்தான். ஆனாலும் எரிச்சலைத் தாங்க அந்த நாட்களில் ஒரு காரணம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் பார்த்தோம். ஒரே ஒரு மாதம் ஒன்பது நாள் தள்ளிப்போனது. ஒன்பதாம் நாள் அவர் மருந்துக்கடையில் அட்டை வாங்கிவந்தார். ஒரு கோடுதான் விழுந்தது. இன்னொரு கோடு வருமோ என்று அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பத்தாம் நாள் எனக்குத் தூரமாகிவிட்டது. வேறொரு டாக்டரிடம் இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். தெளிவான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. வயதைச் சொன்னார்கள். நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான்.

மைனிதான் முதலில் சொன்னார். என் உள்ளங்கை வெடித்து, ஊசி பிடிக்க முடியாமல் துணியைச் சுற்றிக்கொண்டு ஹூக் கட்டுவதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"போதும் பிள்ள. அந்த மாத்திரையச் சாப்பிடு."

"நீங்கதான மைனி வயித்தப் பாருன்னு சொன்னிய?"

"சொன்னேன். இப்ப இதச் சொல்லுதேன்."

அடுத்த கட்ட சிகிச்சைகளுக்கு நாங்கள் போகவில்லை. அது இருவரும் பேசி எடுத்த முடிவு. ஒவ்வொரு வார்த்தைக்கும், நீ என்ன சொல்லுத, நான் என்ன கேட்டேன் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே பேசினோம்.

மாத்திரையைத் திரும்பத் தொடங்கப் போன அன்று பழைய டாக்டரம்மா லீவு. இளம் டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்தார். சீட்டைக் கையில் கொடுக்கும் நர்ஸும் புதிது. கொல்லத்துப் பெண்ணாம். கையில் ஒரு படிவம் வைத்திருந்தாள்.

"சேச்சி, இது கழிக்கும்போள் கர்ப்பம் பாடில்லா, கேட்டோ?"

"தெரியும் சிஸ்டர்" என்றேன். "ஆன பாடில்லை."

என் தமிழில் அவளுக்குக் கடைசி வார்த்தை மட்டும் பிடிபட்டது. "அதே, பாடில்லா" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் படிவத்தில் டிக் போட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு மட்டும் அது இரண்டு பாஷையிலும் கேட்டிருக்கும். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.